நொய்யல் நீரும் நெல்மணியும்

கொங்குநாட்டின் மேற்கெல்லையில் வெள்ளியங்கிரி மலை வானளாவி நிற்கிறது. அம்மலைச் சாரலில் தோன்றும் சிற்றாறுகள் பல ஒன்றுகூடி, நொய்யல் என்னும் பெயர் பெற்றுக் கிழக்கு நோக்கி ஓடுகின்றன. பேரூர்க் கோயிலை ஒட்டி ஓடுங்கால் இவ்வாற்றினைக் காஞ்சிமாநதி என வழங்குவது பழைய மரபு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய நான்கு மாவட்டங்களின் வழியே நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு சென்று, தன் பெயரையே தாங்கிய நொய்யல் என்னும் ஊரின் அருகே இவ்வாறு காவிரியோடு கலக்கிறது.

கொங்குநாடு மழை குறைந்த நாடு. மேற்கு மலைத்தொடர் மறைத்து நிற்பதால் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் சிறு பங்கே சமவெளிக்கு எட்டுகிறது. ஆதலின் இந்நாட்டு முன்னோர் நொய்யலில் வரும் வெள்ளத்தை வீணே போகவிடாது, ஆங்காங்கே அணைகளால் மறித்து, வாய்க்கால் வெட்டிக் குளங்களில் தேக்கினர். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் முதலியன இவ்வாறு நொய்யலால் நிரம்பும் குளங்களே. குளத்து நீர் பாயும் வயல்களில் நெல் விளைந்தது. மேட்டு நிலங்களில் சோளமும் கம்பும் ராகியும் விளைந்தன. கிணற்றில் கவலை பூட்டி, எருதுகளைக் கொண்டு நீர் இறைத்து, ஒவ்வொரு சொட்டையும் கணக்கிட்டுப் பாய்ச்சிய உழவர் வாழ்ந்த நாடு இது. நீரின் அளவைப் பற்றியே அவர்கள் கவலையுற்றனர். அதன் தன்மையைப் பற்றி ஐயுற வேண்டிய காலம் அன்று வரவில்லை.

கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888-ஆம் ஆண்டில் எழுந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிய பின்னர் ஆலைகள் பல்கின. ஆலைக்கு வேண்டிய பொறிகளையும், கிணற்றுக்கு வேண்டிய மின்விசை இறைப்பிகளையும் செய்யும் தொழிற்கூடங்கள் தோன்றின. அவற்றிற்கு உறுப்புகள் செய்து தரும் வார்ப்படச் சாலைகளும், அவ்வுறுப்புகளுக்கு மெருகூட்டும் முலாம் பூசும் பட்டறைகளும் பின்னே வந்தன. திருப்பூரில் பனியன் தொழில் தழைத்தது. அதனோடு சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. ஈரோட்டுப் பகுதியில் சாயத்தொழிலோடு தோல் பதனிடும் சாலைகளும் அமைந்தன. இத்தொழில்களால் பல இலட்சம் குடும்பங்கள் வாழ்வு பெற்றன என்பது மறுக்க இயலாதது. வானம் பொய்த்த ஆண்டுகளில் வேளாண் குடியினரே நிலத்தை விட்டு இப்பட்டறைகளில் வேலை தேடி வந்தனர்.

எனினும் ஒவ்வொரு தொழிலும் நீரை நாடி நிற்பது. பயன்படுத்திய நீரை எங்கேனும் விட்டாக வேண்டியது. இரும்பின்மீது நிக்கல், குரோமியம், துத்தநாகம் ஆகியவற்றுள் ஒன்றை மெல்லிய படலமாக ஏற்றுவதே முலாம் பூசுதல் ஆகும். பண்டத்தைத் தொட்டியினின்று எடுத்து நீரில் அலசும்போது, தொட்டியில் கரைந்திருந்த உலோகத்தில் ஒரு சிறு பகுதி அலசுநீரோடு வெளியேறும். தோல் பதனிடுவோர் குரோமிய உப்பினைப் பயன்படுத்துவர். சாயங்களுள் சிலவற்றில் குரோமியம், செம்பு, கோபால்ட் ஆகியன சாயப்பொருளோடு பிணைந்தே உள்ளன. பழைய மின்கலங்களை உடைத்து உருக்குமிடத்தில் ஈயம் புழுதியாகப் பரவும். துத்தநாகக் கனியத்தோடு இயற்கையாகவே காட்மியம் என்னும் மற்றோர் உலோகம் கலந்திருக்கும். இவ்வாறு எடை மிகுந்தனவாயும், சிறிதளவிலேயே உயிர்களுக்கு ஊறு செய்வனவாயும் உள்ள உலோகங்களைக் கன உலோகங்கள் என்று அறிவியலார் பெயரிட்டு அழைக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். நொய்யலின் துன்பம் என்றவுடன் பலரும் திருப்பூரின் சாயநீரையே நினைப்பர். அந்நீரின் முதற்பெருங்கேடு உப்பே. உலோகம் அதற்கு அடுத்ததே. துணியில் சாயம் பற்றுவதற்காகப் பெருமளவு உப்பினைச் சேர்ப்பர். சாயம் துணியில் தங்க, உப்பு நீரோடு ஆற்றுக்குப் போய்விடும். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் என்னும் இடத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டப்பெற்று 1992-இல் பயனுக்கு வந்தது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஏறத்தாழப் பத்தாயிரம் ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிப்பதே அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள் அவ்வணை சாயநீர் தேங்கும் இடமாக மாறிற்று. அணையைத் திறந்துவிட வேண்டும் என்று உழவர் போராடுவதை உலகம் கண்டதுண்டு; தம் நிலத்திற்கு அந்நீரை விடலாகாது என்று உழவரே கூறியது இங்கேதான். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 2009-இல் தீர்ப்பாயிற்று. கழிவுநீரில் ஒரு துளியும் வெளியே விடலாகாது என்னும் நெறியைப் பட்டறைகள் நிறைவேற்றாமை கண்டு, 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்நெறிக்கு உட்பட்டவை பின்னர்ப் படிப்படியாகத் திறக்கப்பெற்றன.

உப்பின் கேடு கண்ணுக்குத் தெரியும். நிலத்தின் மேல் வெள்ளை பூக்கும். நாற்று நுனி கருகும். தென்னை ஓலை சுருங்கும். கிணற்று நீர் நாவில் கரிக்கும். உழவர் உடனே உணர்ந்து கொள்வர். நல்ல மழை இரண்டு பெய்தால் உப்பில் ஒரு பகுதி கரைந்து கீழே இறங்கிவிடுதலும் உண்டு. உலோகத்தின் இயல்பு வேறு. அதற்கு நிறமில்லை, நாற்றமில்லை, கரிப்பும் இல்லை. மழைநீரோடு எளிதில் போவதுமில்லை. மண்ணில் உள்ள களித்துகள்களையும் மக்கிய பொருள்களையும் பற்றிக்கொண்டு, கலப்பை புரளும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். இலையும் சாணமும் மண்ணில் மக்கும். பூச்சிமருந்தும் நாளடைவில் சிதையும். உலோகமோ ஒரு தனிமம். அதனைச் சிதைக்க எந்த நுண்ணுயிராலும் ஆகாது. இவ்வாண்டு வந்த காட்மியம் பேரன் உழும் காலத்தும் அவ்வயலிலேயே இருக்கும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வந்தாலும் அது கூடிக்கொண்டே போவதன்றிக் குறைவதில்லை.

கோயம்புத்தூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்து மண்ணியலார் நகரைச் சூழ்ந்த நிலங்களை ஆராய்ந்துள்ளனர். சாக்கடை நீர் நெடுங்காலம் பாய்ந்த நிலங்களிலும், முலாம் பூசும் பட்டறைகளை அடுத்த நிலங்களிலும் நிக்கல், குரோமியம், ஈயம், காட்மியம் ஆகியன பிற நிலங்களைவிட மிகுந்திருத்தலை அவர்கள் கண்டனர்.

மண்ணில் உள்ள உலோகம் பயிருக்குள் புகுவது எவ்வாறு? இதனை அறிவதற்கு, கொங்குநாட்டு உழவர் நன்கறிந்த ஒரு செய்தியினின்று தொடங்கலாம். நெல் நடுவதற்கு முன் ஏக்கருக்குப் பத்துக் கிலோ, அதாவது எக்டருக்கு 25 கிலோ, துத்தநாக சல்பேட்டினை மணலோடு கலந்து தூவுமாறு வேளாண்மை அலுவலர் அறிவுறுத்துவர். துத்தநாகம் குறைந்தால் நெல்லின் இலை துருப்பிடித்தாற்போலப் பழுப்பேறிப் பயிர் குன்றிவிடும். வடநாட்டில் கைரா என வழங்கிய இந்நோய், பூச்சியாலோ பூஞ்சையாலோ வருவதன்று, துத்தநாகக் குறையால் வருவது என்பதை 1966-இல் பந்த்நகரில் நேனே என்னும் அறிஞர் கண்டறிந்தார். ஆகவே நெற்பயிருக்குத் துத்தநாகம் வேண்டும், இரும்பு வேண்டும், மாங்கனீசு வேண்டும், செம்பும் சிறிது வேண்டும். இவற்றை மண்ணிலிருந்து தேடி உள்ளே கொண்டுவருவதற்கென்றே வேரின் தோலில் நுண்ணிய வாயில்கள் அமைந்துள்ளன.

காட்மியம் துத்தநாகத்தின் நெருங்கிய உறவு. மின்னேற்றத்திலும் வடிவிலும் இரண்டும் ஒத்தவை. காட்மியத்தால் பயிருக்கு எப்பயனும் இல்லை. எனினும் மாங்கனீசுக்கும் துத்தநாகத்திற்கும் என அமைந்த வாயில்களின் வழியே அஃது எளிதில் நுழைந்துவிடுகிறது. வாயிற்காவலன் ஆடையைக் கண்டு ஆளை உள்ளே விட்டதைப் போன்றது இது. மண்ணில் துத்தநாகம் குறைந்திருப்பின் பயிர் அதனைத் தேடி வேரின் வாயில்களை மேலும் திறக்கும். அப்பொழுது காட்மியம் புகுதலும் மிகும். பசித்த பயிரே விரைவில் ஏமாறுகிறது. மண்ணாய்வில் குறை கண்டவிடத்துத் துத்தநாகம் இடுதல் விளைச்சலைப் பெருக்குவதோடு, காட்மியத்தை ஓரளவு விலக்கவும் துணைசெய்கிறது என்பது பலரும் எண்ணாத நன்மை.

உள்ளே புகுந்த உலோகத்தைப் பயிர் எதிர்க்காமல் இருப்பதில்லை. அதில் பெரும்பகுதியை வேரிலேயே அடைத்து வைக்க முயல்கிறது. வேரின் உயிரணுக்களில் உள்ள நீர்ப்பைகளில் அது பூட்டி வைக்கப்படுகிறது. ஆதலால் பொதுவாக வேரில் மிகுதியாகவும், தண்டிலும் இலையிலும் அதனிற் குறைவாகவும், மணியில் மிகக் குறைவாகவும் உலோகம் காணப்படும். ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் வேரைக் கடப்பதில்லை. காட்மியம் மட்டும் ஏனையவற்றைவிட எளிதாக மேலேறும். அரிசி உண்ணும் நாட்டினர் அதனைக் கண்டு அஞ்சுவது இதனாலேதான்.

அளவு மிகும்போது பயிர் நோயுறும். முதலில் விதை முளைப்பது தாமதமாகும். வேர் நீளாது, தடித்துப் பழுப்பேறிக் குச்சியைப் போல நிற்கும். பக்க வேர்கள் தோன்றா. வேர் குன்றினால் நீரும் ஊட்டமும் குன்றும் அன்றோ? இளம் இலைகள் வெளிறும். தூர் கட்டுதல் குறையும். கதிரில் பதர் மிகும். நிக்கல் மிகுந்தால் இரும்புச் சத்து இலைக்கு எட்டாமற் போய், இலையில் நரம்பிடை வெளிறிய கோடுகள் விழும். செம்பு மிகுந்தால் வேர் நுனியே கருகும். குரோமியம் இருவகைப்படும். ஆறிணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் கரைவது, கடுநஞ்சு. மூவிணைதிறன் கொண்ட குரோமியம் மண்ணோடு பிணைந்து பெரிதும் அடங்கிக் கிடப்பது. மக்கிய எரு நிறைந்த மண் முன்னதைப் பின்னதாக மாற்றும் ஆற்றல் பெற்றது. தொழுவுரத்தின் பயன்களைக் கூறுவோர் இதனையும் சேர்த்துக் கூறலாம்.

வாடிய பயிர் உழவனுக்கு உண்மையை உரைத்துவிடுகிறது. அச்சத்திற்குரியது வாடாத பயிரே. நெல்லைத் துன்புறுத்தும் அளவினும் மிகக் குறைந்த அளவிலேயே காட்மியம் மனிதனைத் துன்புறுத்த வல்லது. பயிர் பச்சைப்பசேல் என நிற்கும். கதிர் முற்றிச் சாயும். களத்தில் பொலி குறையாது. வணிகன் கையில் எடுத்துப் பார்த்து நல்ல நெல் என்றே விலை பேசுவான். அரிசியின் நிறமும் மணமும் சுவையும் மாறா. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தில் கரைத்து அளந்தாலன்றி நஞ்சு இருப்பதை அறிய வழியில்லை.

இதற்குச் சான்று ஜப்பான் நாட்டில் உள்ளது. அந்நாட்டுத் தொயாமா மாகாணத்தில் ஜின்சு என்னும் ஆறு ஓடிக் கடலில் கலக்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் கமியோகா என்னும் துத்தநாகச் சுரங்கம் இருந்தது. கனியத்தைக் கழுவிய நீரில் காட்மியமும் சேர்ந்து ஆற்றில் வந்தது. கீழே இருந்த உழவர் அந்நீரை வயல்களுக்குப் பாய்ச்சினர், அவ்வயலின் அரிசியை உண்டனர், ஆற்றுநீரையே பருகினர். பல ஆண்டுகள் சென்றபின் அவ்வூர்ப் பெண்களிடையே ஒரு கொடிய நோய் பரவிற்று. எலும்பு மென்மையுற்று, இருமினாலும் முறியும் நிலைக்கு வந்தது. நோயுற்றோர், “இதாய், இதாய்” என்று அரற்றினர். அச்சொல்லுக்கு ‘வலிக்கிறது’ என்பது பொருள். அதுவே அந்நோய்க்குப் பெயராகவும் நின்றுவிட்டது. ஊர் மருத்துவராகிய ஹகினோ என்பவர் நோயாளிகளின் வீடுகள் எந்த ஆற்றுநீரை நம்பி இருந்தன என்பதை ஆராய்ந்து, காட்மியமே காரணம் என்று கூறினார். தொடக்கத்தில் பலர் அதனை ஏற்கவில்லை. ஜப்பானிய அரசு 1968-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் கூற்றை ஒப்புக்கொண்டது. நோயுற்றோர் தொடுத்த வழக்கில் 1971-இலும், மேல்முறையீட்டில் 1972-இலும் அவர்களுக்கே வெற்றி கிடைத்தது.

காட்மியம் உடலில் புகுந்தால் சிறுநீரகத்தில் தங்குகிறது. தங்கியதில் பாதி வெளியேறுவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். பழுதுற்ற சிறுநீரகம் உடலுக்கு வேண்டிய சுண்ணமும் பாஸ்பரமும் வெளியேறுவதைத் தடுக்க மாட்டாது. ஆகவே எலும்பு நலிகிறது. இரும்புச் சத்துக் குறைந்தவர் உடல் காட்மியத்தை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். பிள்ளை பல பெற்று இரத்தம் குன்றிய பெண்களையே அந்நோய் மிகுதியாக வருத்தியது வியப்பன்று. தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர் என்பதை இங்கே சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது உலக நாடுகள் கூடி வகுத்த உணவு நெறி. இவ்வளவு எத்துணைச் சிறியது? ஓர் அரிசி ஏறத்தாழ 20 மில்லிகிராம் எடையுள்ளது எனக் கொண்டால், ஒரு கிலோவில் ஐம்பதாயிரம் அரிசி இருக்கும். அவற்றுள் ஒன்றே ஒன்றை எடுத்து ஐம்பது கூறாக்கி, அதில் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே அந்த 0.4 மில்லிகிராம். இனி மற்றொரு கணக்கு. ஒருவர் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம் வரையே தாங்கலாம் என்று 2010-இல் உலக உணவு நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் அமைத்த வல்லுநர் குழு வரையறுத்தது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இஃது 1.25 மில்லிகிராம் ஆகும். அவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்டால் மாதத்தில் 12 கிலோ ஆகிறது. அவ்வரிசியில் நெறி இசையும் உச்ச அளவு காட்மியம் இருப்பின், அவர் உடலில் புகுவது 4.8 மில்லிகிராம், அதாவது தாங்கத்தக்க அளவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. பலவகை உணவு உண்போர்க்கு அவ்வெல்லை காவலாகலாம். மூன்று வேளையும் சோற்றையே நம்பி வாழும் ஏழைக்கு அது போதிய காவலாகாது.

மணியோடு இக்கதை முடிவதில்லை. கொங்குநாட்டில் பயிர் என்றால் தட்டும் சேர்ந்ததே. மழையற்ற மாதங்களில் காங்கேயம் காளைகளும் பசுக்களும் சோளத்தட்டையும் வைக்கோலையும் தின்றே உயிர் வாழ்கின்றன. மணியில் உள்ளதைவிடத் தட்டில் உலோகம் மிகுதி என்பது மேலே கூறப்பட்டது. சாக்கடை நீரில் வளர்ந்த தீவனப் புல்லும் அத்தகையதே. மாடு தின்ற உலோகத்தில் ஒரு பகுதி அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். எஞ்சியது சாணத்தின் வழியே எருவாகி மீண்டும் வயலுக்கே திரும்பும்.

இத்தகைய நிலையிலும் கொங்குநாட்டிற்கு ஓர் இயற்கைக் காவல் உண்டு. இந்நாட்டின் செம்மண்ணிலும் கரிசலிலும் சுண்ணாம்பு மிகுதி. கிணறு வெட்டுவோர் மண்ணுக்குக் கீழே வெள்ளைச் சுக்கான்கல் தட்டுவதை நன்கறிவர். சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மை கொண்ட மண்ணில் காட்மியம், நிக்கல், ஈயம் ஆகியன எளிதில் கரையா. மண்ணில் உலோகம் இருந்தும் வேருக்கு எட்டாமல் அடங்கிக் கிடக்கும். விளைச்சலைக் குறைக்கும் மண் என்று உழவர் சலித்துக்கொள்ளும் அச்சுக்கானே இவ்வகையில் அவர்களுக்குத் துணை நிற்கிறது. ஆயினும் அமிலம் கலந்த பட்டறை நீர் தொடர்ந்து பாய்ந்தால் இக்காவல் தளரும்.

நீர் பாய்ச்சும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணில் காற்றின்மையால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாப் பொருளாகிவிடும். நீரை வடித்துக் காயவிட்டால் மீண்டும் கரையும். ஆதலின் ஜப்பானில் மாசுற்ற வயல்களில் கதிர் வெளிவருமுன் மூன்று வாரமும், வெளிவந்தபின் மூன்று வாரமும் நீர் வற்றாமல் காப்பர். தமிழ்நாட்டிலோ நீர்ச் சிக்கனம் கருதி, ‘நீர் மறைய நீர் கட்டுதல்’ என்னும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. தூய நிலத்திற்கு அது மிகச் சிறந்த முறையே. காட்மியம் ஏறிய நிலத்தில் அம்முறை மணியில் நஞ்சினைக் கூட்டிவிடக்கூடும். நீரைத் தேக்கினால் போதுமே எனின், ஆர்செனிக் என்னும் நஞ்சுள்ள நிலத்தில் இதற்கு நேர்மாறாக, நீர் தேங்குவதே தீங்காகும். எந்த நிலத்தில் எது உள்ளது என்று அறியாமல் எம்முறையையும் கண்ணை மூடிக்கொண்டு கையாள இயலாது.

ஒருமுறை மாசுற்ற நிலத்தை மீட்பது அரிது. கடுகு, சூரியகாந்தி, ஆமணக்கு முதலிய செடிகளை வளர்த்து உலோகத்தை உறிஞ்சி எடுக்கலாம் என்பர்; அதற்குப் பல்லாண்டுகள் வேண்டும், அறுத்த செடிகளை எருக்குழியில் இடவும் கூடாது. காட்மியத்தை ஈர்க்கும் வேர்வாயில் குன்றிய நெல்வகை ஒன்றினை, கோஷிஹிக்காரி என்னும் தம் நாட்டு நெல்லிலிருந்து ஜப்பானிய அறிஞர் உருவாக்கி 2012-இல் வெளியிட்டனர். ஜின்சு ஆற்றங்கரை வயல்களிலோ மாசுற்ற மண்ணை ஆழத்தில் புதைத்து, அதன்மேல் வேறிடத்து மண்ணைப் பரப்பினர். ஏறத்தாழ 860 எக்டர் நிலத்திற்கு இவ்வாறு செய்து முடிக்க, 1979 முதல் 2012 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

வருமுன் தடுக்கும் முயற்சிகள் கொங்குநாட்டிலும் நடைபெறுகின்றன. பவானியில் தொடங்கி ஈரோட்டைக் கடந்து நொய்யலில் முடியும் காளிங்கராயன் வாய்க்கால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. பதினைந்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் நெல்லும் மஞ்சளும் வாழையும் கரும்பும் அதனால் விளைகின்றன. தோல், சாயக் கழிவுகள் அதில் கலவாதிருக்க, பக்கத்திலேயே தனிக் கால்வாய் ஒன்று அமைக்கப்பட்டது. மக்கள் அதனைப் ‘பேபி வாய்க்கால்’ என்கின்றனர். திருப்பூரில் கழிவுநீரை வடித்துத் தூய்மைசெய்து மீண்டும் பட்டறைக்கே பயன்படுத்துகின்றனர். நீர் திரும்புகிறது, அதிலிருந்த உப்பும் உலோகமும் சேறாக எஞ்சுகின்றன. அச்சேற்றை மழைநீர் புகாதவாறு காத்தல் மற்றொரு பெரும்பணி.

ஐயமுற்ற உழவர் செய்யத்தக்கது மண்ணாய்வே. வயலின் மேற்புல்லையும் சருகையும் நீக்கி, ஆங்கில எழுத்தாகிய ‘வி’ வடிவில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி, அதன் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீராகச் சுரண்டி எடுத்தல் வேண்டும். வரப்பின் ஓரமும், எருக்குவியல் இருந்த இடமும் ஆகா. ஓர் ஏக்கரில் பத்து இடங்களுக்குக் குறையாமல் எடுத்துக் கலந்து, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோ எஞ்சும்வரை குறைத்தல் மரபு. உலோக ஆய்விற்கு எடுக்கும் மண்ணைத் துத்தநாகப் பூச்சுள்ள தகட்டுக் கலங்களில் இடலாகாது. மரக்கரண்டியும் துணிப்பையுமே ஏற்றவை. மண்ணோடு அவ்வயலில் விளைந்த நெல் ஒரு கைப்பிடியும், பாயும் நீர் ஒரு குப்பியும் உடன் அனுப்பினால், நஞ்சு மண்ணளவில் நின்றதா, மணிவரை ஏறியதா என்பது தெளிவாகும். பையின்மீது உழவர் பெயர், ஊர், நில அளவை எண், விளைந்த பயிர் ஆகியவற்றோடு, அவ்வயலுக்கு நீர் வருவது எந்தக் குளத்திலிருந்து, எந்த மதகின் வழியே என்பதையும் எழுதியனுப்புதல் நன்று.